களாச்செடியில் தங்காத பழம்

மூன்றாவது நாளாகக் களாச்செடியில் பழம் இல்லை. முந்தின மாலை கறுத்துத் தொங்கியவற்றின் இடத்தில் காம்புகள் மட்டும் இருந்தன.

"கேட்டு பூட்டிதான இருந்துச்சு?" என்றார் பீங்கான் கம்பெனி முதலாளி பழமலைநாதன்.

"பூட்டிதாங்க இருந்துது," என்றான் சாமிதுரை.

"பழத்துக்குக் காலு மொளச்சிதா? பறவைங்களுக்குக் களா வேலி வளக்கிறோம்னு பொல்யூஷன் ஆபீசுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். வெள்ளிக்கிழமை ஆபீசர் பாக்க வராரு. செடி மொட்டையா நின்னா நீயும் நிக்க வேணாம், கெளம்பு."

இருபத்திரண்டு வருடம் சூளை அடுக்கிய சாமிதுரைக்கு நெஞ்செல்லாம் மண்தூசி. பத்தடி நடந்தால் மூச்சு இளைக்கும். களாவைப் பார்த்துக்கொள்வதுதான் அவனால் முடிந்த கடைசி வேலை. களாவுக்கு அதிகம் செய்யவும் வேண்டாம். வேர் பிடித்துவிட்டால் விருத்தாசலத்து வெயிலிலும் தண்ணீர் கேட்காது, முள் இருப்பதால் ஆடு கிட்டே வராது.

ஊறுகாய்க்காக யாரோ பறிக்கிறார்கள் என்று நினைத்து, செடிமேல் நைலான் வலை போட்டான். விடிந்தபோது வலையில் ஒரு மைனா கழுத்து இறுகிச் செத்துக் கிடந்தது. அலகில் களாச்சாறு.

"பறவைக்கு வெச்சதுதாங்களே," என்றான் முதலாளியிடம் மெதுவாக.

"அதுக்குன்னு ஆபீசருக்கு முன்னாடியே தின்னுடணுமா?"

வலையைப் பிரித்தான். அதற்குள் புதிதாகக் கறுத்திருந்தவையும் போயிருந்தன. செங்காய் கறுக்க ஒரு வாரமாவது ஆகும். பொம்மைப் பிரிவு பானுமதியிடம் போய் நின்றான்.

"களாப்பழம் செஞ்சி தரியா, பானு?"

"சூளைச் சூடு மண்டைக்கு ஏறிடுச்சா, அண்ணே?"

"வேல போயிடும்மா."

அவள் களிமண்ணை எடுத்தாள். மண் காய்ந்து வெந்தால் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் உருண்டைகளைக் கொஞ்சம் பெரிதாகவே பிடித்தாள். பொம்மைக் கண்ணுக்கு வைக்கும் கறுப்பு கிளேஸ் பூச்சில் முக்கிச் சூளையில் வைத்தார்கள். முந்நூறு பழம். வியாழன் முழுக்க இருமிக்கொண்டே நூலால் கட்டினான் சாமிதுரை. முள் கிழித்து விரலெல்லாம் ரத்தம். ஆபீசர் வரும் இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று, சுவரிலும் தரையிலும் இருந்த பறவை எச்சத்தை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினான்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வேலி ஓரமாக இரண்டு முறை நடந்தார். செடி நிறையப் பழம். எதையும் தொடவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார். தாளில் ஒரு வரி எழுதி முதலாளியிடம் நீட்டினார்: 'பறவைகள் வருவதற்கான அடையாளம் இல்லை.'

பழமலைநாதன் சாமிதுரையைத் திரும்பிப் பார்த்தார். "கெளம்பு," என்றார்.

வாசலில் ஆபீசரின் ஜீப் டிரைவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். சாமிதுரை அவனிடம் கேட்டான்: "இன்னும் என்னாதாங்க செஞ்சிருக்கணும்?"

"ஒண்ணும் செய்யாம வுட்டிருக்கணும்ணே. நேத்து நல்லூர் பக்கம் ஒரு களாவேலி பாத்தோம். ஒத்தப் பழம் இல்ல, கீழ பூரா எச்சம். உடனே கையெழுத்து போட்டுட்டாரு."