மூச்சடக்கியும் மூன்று படமும்

உலகத்திலேயே எக்ஸ்ரே எடுக்க மாட்டேன் என்று சண்டை போட்ட ஒரே எக்ஸ்ரேக்காரர், திருச்சியில் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போதே யாரிடமாவது சண்டை பிடித்துக்கொண்டு வருவார். "மூச்சடக்கு!" என்று கத்துவார், கோபத்தில் "விடு" என்று சொல்ல மறந்துவிடுவார். பிள்ளைகள் கன்னம் உப்பி, முழி பிதுங்கிக் கிடக்கும். அதனால் அவர் பெயரே மூச்சடக்கி. அந்த அறை வாசலில் பெயர் கூப்பிடுவது என் வேலை. எனக்கோ நாலு பேர் எதிரில் வாய் திறந்தாலே வியர்க்கும். நான் முனகுவதை அவர் உள்ளேயிருந்து கர்ஜிப்பார்.

எழுபதுகளின் கடைசியில், புதிதாக வந்த டியூட்டி டாக்டர் ஒரு சட்டம் போட்டார். அடிபட்டு வரும் பிள்ளை யாரானாலும் கழுத்து, நெஞ்சு, இடுப்பு என்று மூன்று படம். அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்துக்கொண்டார். பிள்ளையைத் தொட வேண்டாம், ஸ்டாம்பைத் தொட்டால் போதும்.

படம் என்றதும் தாய்மார்கள் பிள்ளைக்குப் பவுடர் பூசிப் பொட்டு வைத்துக் கூட்டி வருவார்கள். மூச்சடக்கி எரிந்து விழுவார்.

"ஏம்மா, இதென்ன ஸ்டுடியோவா? எங்க விழுந்தான்?"

"முக்கொம்புல சறுக்கு மரத்துலேர்ந்துங்க. சுண்டு விரல்தான் வீங்கியிருக்கு."

"சுண்டு விரல் வீங்கினா இடுப்பைப் படம் எடுக்கணுமாம்! செருப்பு கடிச்சா தொப்பி வாங்கச் சொல்லுவான் இந்த ஆளு!"

ஒரு நாள் என் மகளே வந்தாள். ஐந்து வயது. உறையூரில் ஸ்கூல் ரிக்‌ஷாவிலிருந்து விழுந்துவிட்டாள். என் மனைவி கையில் சீட்டு, அதே ஸ்டாம்ப். குழந்தை முழங்கையைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். சீட்டில் முழங்கையே இல்லை. டாக்டரிடம் போய்க் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூச்சடக்கி சீட்டைப் பார்த்தார்.

"எங்கம்மா வலிக்குது, கண்ணு?"

அவள் காட்டினாள். சீட்டை இரண்டாகக் கிழித்தார். முழங்கையை மட்டும் எடுத்தார். அதற்கும் "மூச்சடக்கு!" என்றுவிட்டு, ஃபிலிம் கழுவ ஓடிவிட்டார். என் மனைவிதான் குழந்தையின் முதுகில் தட்டி மூச்சு விடவைத்தாள்.

ஈரம் சொட்டும் ஃபிலிமோடு அவர் டாக்டர் அறைக்குள் நுழைந்தார். வராந்தா முழுக்கக் கேட்டது.

"எலும்பு உடைஞ்சிருக்கு சார்! உங்க மூணு படத்துல இது எதுல தெரியும்? ஒண்ணுமில்லன்னு வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்க!"

"ரூல் இருக்குய்யா!"

"ரூலுக்கா சார் கை உடைஞ்சிருக்கு? தொட்டுப் பாக்கத்தானே படிச்சீங்க?"

மகளுக்குக் கட்டு. அவருக்கு மெமோ. பத்தே நாளில் மாற்றலும் வந்தது, உப்பிலியபுரம் பக்கம், எக்ஸ்ரே மெஷினே இல்லாத ஓர் ஆஸ்பத்திரிக்கு. ஸ்டாம்ப் மட்டும் மேஜையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அவர் கிளம்பும் நாளில் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நன்றி சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. பஸ் நகரும்போது ஜன்னலிலிருந்து கத்தினார்:

"ஏன்யா மூச்சடக்கிட்டு நிக்கிற? விடுய்யா, விடு!"

அவர் "விடு" என்று சொல்லி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். விட்டேன். அழுகைதான் வந்தது.