அஷ்டமியில பறிபோன பத்தாயிரம் வெள்ளி

இன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். வரி ஆபீசுக்குப் போய், போன வருஷ சம்பளத் தாளைக் கொடுத்துட்டு வரணும். பத்து நிமிஷ வேலை.

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நான் மலேசியாவுல, குளுவாங்ல ஒரு பேக்டரியில வேலை செஞ்சேன். கம்பெனியை வேற நாட்டுக்கு மாத்துறாங்க, அதனால ஆட்குறைப்பு. நஷ்ட ஈடா நாப்பத்தி மூணாயிரம் வெள்ளி, அதான் ரிங்கிட், வருது. ஆனா வரி ஆபீஸ்லேர்ந்து கடிதம் வர்ற வரைக்கும் கம்பெனி அந்தக் காசைப் பிடிச்சு வெச்சிருக்கும்.

அந்தக் காசுக்கு நான் எப்பவோ கணக்குப் போட்டு வெச்சிட்டேன். வீட்டுக் கடன் பாக்கியை அடைச்சா மிச்சம் பத்தாயிரம். அதுல மார்க்கெட் பக்கத்துல ஒட்டுக்கடைன்னு சொல்ற சின்ன சாப்பாட்டுக் கடை ஒண்ணை வாடகைக்கு எடுத்து, தோசை, நாசி லெமாக்னு தேங்காப்பால் சோறு எல்லாம் போடணும். பல வருஷத்து ஆசை லா இது.

பிரச்சனை எங்க ஆரம்பிச்சதுன்னா, என் வாயில.

ஆபீஸ்ல மிஸ் லிம்னு ஒருத்தவங்க இருக்காங்க. ஆள் எடுக்கறது, நிறுத்தறது, சம்பளம் எல்லாம் அவங்க பொறுப்பு. ரொம்ப நல்லவங்க. போன மாசம் கூப்பிட்டு, "வசந்தி, உங்க கடைசி நாள் அடுத்த செவ்வாய்க்கிழமை. அதுக்கு முன்னாடி வேணும்னாலும் முடிச்சுக்கலாம்"னாங்க.

நான் உடனே கைபேசியில காலண்டரைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை அஷ்டமி. அஷ்டமியில போய் கணக்கு முடிப்பாங்களா? "வேணாம் மிஸ், வியாழக்கிழமையே முடிச்சிடுங்க"ன்னேன்.

வீட்டுக்கு வந்து பெருமையா சொன்னேன். எங்க வீட்டுக்காரரு சேகர், செம்பனைப் பழம் ஏத்தற லாரி ஓட்டறவரு, சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னாரு.

"வேலை போறதுக்கு நல்ல நாள் பார்த்த ஒரே ஆளு நீதான். தாலி கட்டறதுக்குக் கூட உங்க வீட்டுல இவ்வளவு பாக்கல."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா சாப்பிடுங்க"ன்னேன்.

நேத்து சாயங்காலம் மிஸ் லிம் மெசேஜ் அனுப்புனாங்க. போன வருஷ சம்பளத் தாளை வரி ஆபீஸ்ல கேக்கறாங்க, கொண்டு போய் கொடுங்கன்னு. அதோட நிறுத்தியிருக்கலாம். கீழ இன்னொண்ணும் எழுதியிருந்தாங்க.

"நஷ்ட ஈட்டுல, முழுசா வேலை செஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் பத்தாயிரம் வெள்ளிக்கு வரி கிடையாது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருந்திருந்தா உங்களுக்குப் பதினஞ்சு வருஷம் ஆகியிருக்கும். அஞ்சு நாள் குறையுது. அதனால பதினாலுதான்."

அலமாக், ஐயய்யோ.

எனக்கு அதுக்கு மேல எதுவும் கண்ணுல படல. ஒரு வருஷம் போச்சு, பத்தாயிரம் போச்சு. என் கடை போச்சு. நானே என் கையால, காலண்டர் பார்த்து, பத்தாயிரம் வெள்ளியைத் தூக்கி அரசாங்கத்துக்குக் கொடுத்துட்டேன்.

வீட்டுக்காரருகிட்ட சொல்ல முடியுமா? சொன்னா அறுபது வயசு வரைக்கும் அஷ்டமி, அஷ்டமின்னே கூப்பிடுவாரு. வாயை மூடிக்கிட்டேன்.

காலையில இவரு வெளிய போனதும், ஒட்டுக்கடையோட முதலாளி அங்கிள் டானுக்கு மெசேஜ் போட்டேன். "சாரி அங்கிள், கடை வேணாம். வேற யாருக்காவது கொடுத்துடுங்க." அனுப்பிட்டு சமையல்கட்டுல நின்னு அழுதேன். நெஜமாவே அழுதேன்.

அப்புறம் ஒரு யோசனை வந்துச்சு. அதிகாரியும் மனுஷங்கதானே, எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்க மாட்டாங்களா? சம்பளத் தாளோட, சாமி மேடை பக்கத்துல மாட்டியிருந்த நாள்காட்டியையும் ஆணியிலேர்ந்து கழட்டிக்கிட்டுப் போனேன்.

கவுண்டர்ல ஒரு மலாய்ப் பொண்ணு. மலாய்லதான் பேசினோம், உங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன்.

"அக்கா, சம்பளத் தாள் சரியா இருக்கு. இந்தக் காலண்டர் எதுக்கு?"

"ஆதாரம்"னேன்.

போன மாசத் தாளெல்லாம் நான் கிழிக்கவே இல்ல, சோம்பேறி. அது இன்னைக்கு உதவுச்சு. அந்தச் செவ்வாய்க்கிழமையைத் திறந்து விரலால காட்டினேன். "எங்களுக்கு இந்த நாள் ஆகாது. அதனாலதான் முன்னாடியே நின்னேன், வேலை செய்யப் பிடிக்காம இல்ல. இந்த அஞ்சு நாளை மட்டும் சேர்த்துக்கிட்டா பதினஞ்சு வருஷம் ஆயிடும், தங்கச்சி."

அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துச்சு. காலண்டரைப் பார்த்துச்சு. பின்னால வரிசையில ஒரு அம்மா எட்டி, "வர்ற ஞாயித்துக்கிழமை எப்படி இருக்குன்னு பாரும்மா, புது வீட்டுக்குப் பால் காய்ச்சணும்"னாங்க. நான் அதையும் பார்த்துச் சொன்னேன். காலையில நல்லா இருந்துச்சு.

"அக்கா"ன்னு அந்தப் பொண்ணு பொறுமையா கேட்டுச்சு. "உங்களுக்கு நஷ்ட ஈடு எவ்வளவு வருது?"

"நாப்பத்தி மூணாயிரம்."

"பதினாலு வருஷத்துக்கு வரி இல்லாத தொகை எவ்வளவு?"

"பதினாலு பத்தாயிரம். ஒரு லட்சத்து நாப்பதாயிரம்."

"நாப்பத்தி மூணு பெருசா, நூத்தி நாப்பது பெருசா?"

அங்கயே தரை பிளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

"அந்தப் பத்தாயிரம் உங்க காசு இல்ல அக்கா. அது வெறும் வரம்பு. உங்க நஷ்ட ஈடு மொத்தமும் அதுக்குள்ளயே அடங்கிடுது, ஒரு காசு வரி கிடையாது. கடைசி மாசச் சம்பளமும், எடுக்காத லீவுக்கு வர்ற காசும் மட்டும் எப்பவும் போல வருமானத்துல சேரும். கடிதம் வரும், போயிட்டு வாங்க."

வெளிய வந்து சந்தோஷமா ரெண்டு எட்டு வெச்சேன். மூணாவது எட்டுல அங்கிள் டான் ஞாபகம் வந்துச்சு.

போன் அடிச்சா எடுக்கல. மோட்டார் சைக்கிள்ல பறந்தேன். மார்க்கெட் பக்கம் போனா, அங்கிள் கூலா கோப்பி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

"அங்கிள், கடை வேணும் அங்கிள். நான் காலையில அனுப்பினது தப்பு."

"கொடுத்தாச்சு லா. காலையிலயே ஆள் வந்து முன்பணம் கட்டிடுச்சு."

பெஞ்சுல உக்காந்துட்டேன். "யார் அங்கிள்?"

"உன் புருஷன். தேத்தண்ணி குடிக்க வந்தாரு, உன் மெசேஜைக் காட்டினேன். 'அவ எதையோ பார்த்து பயந்திருக்கா, நீங்க விடாதீங்க'ன்னு ஐநூறு வெள்ளி கட்டிட்டுப் போயிட்டாரு."

மனுஷன் எனக்கு ஒரு போன் கூடப் போட்டுச் சொல்லல. சாயங்காலம் வந்ததும் எல்லாத்தையும் கொட்டினேன், வரி, வரம்பு, காலண்டர் எல்லாம். அவரு சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டு நாய் குரைச்சுச்சு. எனக்குக் கோவமும் வந்துச்சு, அவரைக் கட்டிப் பிடிச்சுக்கணும்னும் இருந்துச்சு.

"முன்பணம் நான் கட்டினேன், அதனால முதலாளி நான்தான்"னாரு. "நீ காலையில அஞ்சு மணிக்கு வந்து மாவு கரைச்சிடணும்."

ஆக, எனக்கு மறுபடியும் வேலை கிடைச்சாச்சு. இந்த முதலாளிகிட்ட ஆட்குறைப்பு பயமும் இல்ல, வரி பயமும் இல்ல, சம்பளமே கிடையாது.