சிவப்புச் சேனலைப் புறக்கணித்த கதை

படித்தவன் என்று நாலு பேர் சொல்லிவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில் நடந்தது இது.

அப்போது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்துகொண்டு, பதுளையில் டியூஷன் வகுப்பு நடத்தினேன். சிவப்புச் சேனலில் (சின்னத்தின் நிறத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர்) ஒரு புதுப்படத்தின் முன்னோட்டம் ஓடியது. அதில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி கதாநாயகனின் சப்பாத்தைத் துடைத்துவிட்டுப் பல்லிளிப்பாள். நகைச்சுவையாம். என் அம்மா கொழுந்து பறிப்பவர். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

லயத்தைக் கூட்டி, இனி யாரும் சிவப்பைப் பார்க்கக்கூடாது, எல்லோரும் நீலச் சேனலுக்கு மாறவேண்டும் என்றேன்.

"தம்பி, நம்ம நாடகம் இந்த வெள்ளிக்கிழம முடியுதே. மூணு வருசமா பாக்குறோம்," என்றார் பார்வதியக்கா. லயத்திலேயே பெரிய டீவி அவருடையதுதான்.

"மானம் பெருசா, நாடகம் பெருசாக்கா?"

அக்கா ரிமோட்டை நீட்டினார். (அதை வாங்கிச் சட்டைப்பையில் வேறு போட்டுக்கொண்டேன், மடையன்.)

அம்மா மட்டும் கேட்டார். "ரெண்டுக்கும் மொதலாளி ஒரே ஆளா இருந்தா என்னடா பண்ணுவ? நம்ம பெக்டரித் தேயிலத் தூளையே ரெண்டு பேரு போட்டு ரெண்டு பெட்டியில விக்கிறாங்க."

"அது தேயிலம்மா, இது ஊடகம். இவங்களுக்குள்ள பயங்கரப் போட்டி," என்று விளக்கினேன்.

நீலச் சேனலுக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். மறுநாளே வேன் வந்தது. தேயிலைக்கு நடுவே நின்று, "இந்தப் படத்த ஒருத்தரும் பாக்காதீங்க," என்று கழுத்து நரம்பு புடைக்கப் பேசினேன். "இன்னொருக்கா சொல்லுங்க சேர், இன்னும் கோவமா," என்றார் நிருபர். சொன்னேன்.

வெள்ளிக்கிழமை, நாடகம் முடியும் அதே நேரத்தில், லயமே அக்கா வீட்டில் நீலச் சேனலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. செய்தியில் நான் வரவில்லை. பிறகு வந்த விளம்பரத்தில் வந்தேன். "மலையகமே கொந்தளிக்கும் படம்" என்று ஒரு குரல் முழங்க, நான் கைநீட்டி "இந்தப் படத்த" என்று கத்துகிறேன். மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். கடைசியில் படக் கம்பனி, சிவப்பு, நீலம் என்று மூன்று சின்னங்கள் ஒரே வரிசையில் வந்தன. மேலே ஒரே குழுமத்தின் பெயர்.

"ரிமோட்ட குடுக்குறீங்களா தம்பி," என்றார் அக்கா. சிவப்பைப் போட்டபோது 'முற்றும்' என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவமானத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது.

சில வருடங்கள் கழித்துப் பண்டாரவளைக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா என்னை உற்றுப் பார்த்து, "அந்தப் படத்துல நடிச்சவருதானே நீங்க?" என்றார். மறுக்க வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டார். "ஆமாங்க. சம்பளமே வாங்காம நடிச்சான்."

இன்றுவரை அந்த வீட்டில் நான் நடிகர் மாப்பிள்ளை. நான் எந்த இடத்தில் வருகிறேன் என்று பார்ப்பதற்காக, குடும்பமே உட்கார்ந்து அந்தப் படத்தை மூன்று முறை பார்த்துவிட்டது. இன்னும் தேடுகிறார்கள்.