ஆக்சிலரேட்டருக்குப் பொட்டு வச்ச கதை

ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான். புது கார்டை பழைய கம்ப்யூட்டர்ல சொருகி ஓடுதான்னு பாக்கணும். அஞ்சு நிமிஷ வேலை.

கீபோர்டுக்குள்ளயே மொத்த கம்ப்யூட்டரும் இருக்கும்லா, எண்பதுகள்ல வந்த மாடல், அதுல ஒண்ணு எங்கிட்ட இருக்கு. மாட்டு வண்டி வேகம். அதை ஓட வைக்கத்தான் ஆக்சிலரேட்டர் கார்டு. தாணேயில ஜோஷின்னு ஒருத்தன் வீட்டுலயே செஞ்சு விக்கான்.

எங்க தாராவி வீட்டுல மேசை ஒண்ணுதான். என் பொண்டாட்டி செல்வி பிளவுஸ் தைக்க ஆர்டர் பிடிச்சிட்டா. "சாயங்காலம் எங்கண்ணன் தையல் மெஷினைக் கொண்டாந்துருவான். அதுக்குள்ள உங்க டப்பா ஓடி, நான் அதுல ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கணும். இல்லேன்னா அது கட்டிலுக்கு அடியில, மெஷின் மேசை மேல"ன்னு சொல்லிட்டா.

"சரி"ன்னேன். அவ்வளவு தெனாவட்டு!

கார்டைக் கையில எடுத்தேன். "ஏங்க, புதுப் பொருளு. பொட்டு வைக்காமலா மாட்டுதீய?"ன்னா.

நியாயம்தானே? ஃப்ரிட்ஜுக்கு வச்சோம், மிக்சிக்கு வச்சோம். சந்தனத்தைக் குழைச்சு, குங்குமம் தொட்டு நானே வச்சேன். நடுவுல சிப்பு இருக்கு, ஈரம் படக் கூடாதுல்லா? ரொம்ப ஜாக்கிரதையா ஓரமா பாத்து வச்சேன். காஞ்சதும் சொருகி சுவிட்சைப் போட்டேன்.

டிவியில கறுப்புத் திரை. அம்புட்டுதான்.

கார்டைக் கழட்டினா கம்ப்யூட்டர் ஓடுது. மாட்டினா செத்துப்போவுது.

"பொட்டு சின்னதா வச்சிட்டீய"ன்னா செல்வி.

நானும் பெருசா வச்சேன்! எனக்கு வேலையே குர்லாவுல ஒரு கம்பெனியில கம்ப்யூட்டர் சப்போர்ட். வெளிய சொல்லிராதீய.

மறுபடியும் கறுப்பு. கரண்டு பத்தலையோன்னு சந்தேகம் வந்துச்சு. ஃப்ரிட்ஜ் ப்ளக்கைப் பிடுங்கிட்டு அதுல கம்ப்யூட்டரைச் சொருகினேன். கார்டுல ஜம்பர்னு குட்டிப் பின்னு இருக்கு, அதை மாத்தினேன், பக்கத்து வீட்டு டிவியை வாங்கி மாட்டினேன், கேபிளை மாத்தினேன். ஃப்ரிட்ஜை மட்டும் மறந்துட்டேன்.

மத்தியானம் செல்வி ஃப்ரிட்ஜைத் திறந்தா. தோசை மாவு பொங்கி, கீழ் தட்டுல இருந்த கத்திரிக்கா எல்லாம் வெள்ளையா நிக்கி.

"ஏ ஆத்தாடி! மனுசனாய்யா நீரு?"

அவ "நீரு"ன்னு ஆரம்பிச்சா நான் வீட்டுல இருக்கப்படாது. வெளிய வந்து ஜோஷிக்குப் போன் போட்டேன். "அரே பாய், காண்டாக்ட் சாஃப் ஹை?"ன்னு கேட்டான். சொருகுற இடம் சுத்தமா இருக்கான்னு எங்கிட்டயே கேக்கான்! நாள் முழுக்க அடுத்தவங்களைப் பாத்து நான் கேக்குற கேள்விய்யா அது!

"ஏக்தம் சாஃப்! உன் கார்டுதான் கோளாறு"ன்னு கத்திட்டு, கார்டைத் துண்டுல சுத்தி டிபன் டப்பாவுல வச்சு, சயான்ல ரயில் ஏறினேன். ஞாயித்துக்கிழமைன்னு பேரு, கால் வைக்க இடமில்ல. டப்பாவைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே போனேன். "சாம்பாரா, அண்ணாச்சி? சட்டையில ஊத்திராதீய"ன்னு பக்கத்துல ஒருத்தர் ஒதுங்குதாரு.

தாணேயில ஜோஷி டப்பாவைத் திறந்தான். கார்டைத் திருப்பிப் பாத்தான். மோந்து பாத்தான்.

"பாய், யே சந்தன் ஹை க்யா?"

எட்டிப் பாத்தேன். கார்டு ஓரத்துல தங்கக் கலர்ல பல்லு வரிசை மாதிரி இருக்கும்லா, கம்ப்யூட்டருக்குள்ள சொருகுற இடமே அதுதானே, அது முழுக்க சந்தனம். இண்டு இடுக்கெல்லாம் குங்குமம். எனக்கு மூஞ்சியை எங்க வைக்கதுன்னு தெரியல.

ஜோஷி ஸ்பிரிட்டும் ரப்பரும் எடுத்துத் தேய்ச்சான். அவன் கம்ப்யூட்டர்ல சொருகினான். பளிச்சுன்னு ஓடுது! ஒரு சின்ன பாட்டில்ல ஸ்பிரிட் குடுத்து, "உன் கம்ப்யூட்டர் பக்கமும் துடைச்சிரு"ன்னு அனுப்பினான். சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு இருக்கே!

வீட்டுக்கு ஓடி வந்தா, வாசல்ல மச்சான் தையல் மெஷினோட நிக்கான்.

"ஒரு நிமிஷம் மச்சான்!" துடைச்சேன், சொருகினேன், சுவிட்சைப் போட்டேன். வந்துட்டு! கார் ரேஸ் போட்டு, "ஆடு தாயி!"ன்னு செல்விக்கு இடம் விட்டேன். சந்தோசத்துல எனக்குக் கண்ணே கலங்கிட்டு.

செல்வி ஒரு பட்டனை அமுக்கினா.

கார் கிளம்பினதைப் பாத்தேன். இடிச்சதைப் பாக்கல. அதுக்குள்ள "கேம் ஓவர்"னு எழுதிக் காட்டிட்டு.

"அவ்வளவுதானா?"

"வேகம் கூடிட்டு செல்வி. பழைய கேம்லா, அதுவும் சேந்து பறக்கு..."

"ஓடிச்சு, நான் ஆடிட்டேன். ஆட்டம் முடிஞ்சுபோச்சு. டப்பாவை எடுங்க."

மச்சான் குனிஞ்சு கட்டிலுக்கு அடியில இடம் பண்ண ஆரம்பிச்சிட்டான். பழைய கேமுக்காக வேகத்தைக் குறைக்க அந்தக் கார்டுலயே ஒரு சுவிட்ச் இருக்காம். ஜோஷி திங்கக்கிழமை போன் பண்ணிச் சொல்லுதான்.

தையல் மெஷினுக்குப் பொட்டு செல்விதான் வச்சா. என்னைக் கிட்டயே விடல.