பழவேற்காட்டுக்குப் போன கரிவண்டி

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை, எழுதச் சொன்னால் இப்படி எழுதிவிடுவேன். எதிரில் வெளியாள் ஒருவர் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தால்தான் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். இந்தக் குணத்தால் மூன்று பெண் வீட்டார் என்னை வேண்டாம் என்றார்கள். முதல் வீட்டில் "பையன் ஊமையா?" என்று அம்மாவைக் கேட்டார்கள். இரண்டாவது வீட்டில் கேட்கக்கூட இல்லை, கையால் ஜாடை காட்டியே காப்பி கொடுத்தார்கள். மூன்றாவது வீட்டில் என் காதருகே வந்து கத்தினார்கள். (செவிடு என்றும் முடிவு கட்டிவிட்டார்கள்.)

நாலாவது பெண் பழவேற்காட்டில் இருந்தாள்.

"இதுவும் தட்டிப்போச்சின்னா இனிமே நான் எவன் வூட்டுப் படியும் ஏற மாட்டேன். மரவாடியில சீட்டு எழுதிகினு ஒண்டியாவே கெட" என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் ராயபுரத்தில் ஒரு மரவாடியில் வேலை பார்த்தேன். மரங்களோடு எனக்கு எந்தச் சங்கடமும் வந்ததில்லை.

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காத சமயம். மாமா தன் பழைய காரின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைப் பொருத்தியிருந்தார். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, கீழே நெருப்பு வைத்து, பக்கத்துக் கைப்பிடியைக் கால் மணி நேரம் சுற்றினால் ஒரு வாயு வரும். அந்த வாயுவில் கார் ஓடும். (ஓடும் என்பது மாமாவின் வாக்கு.) கைப்பிடி சுற்றும் கிளீனருக்கு அன்று காய்ச்சல். ஆகவே மாமா, அம்மா, நான், பெரியப்பா மகன் துரைக்கண்ணு, இந்த நாலு பேர்தான். துரைக்கண்ணுவுக்கு யானைக்கவுனியில் ஜவுளிக்கடை உத்தியோகம். சலவைச் சட்டை, வாய் ஓயாத பேச்சு. எனக்குப் பதிலாகப் பேசத்தான் அவனை அழைத்துப் போனோம்.

திருவொற்றியூர் தாண்டியதும் காற்று மாறியது. மணலிக்கு அப்பால் இரண்டு பக்கமும் பச்சை வயல், வரப்பில் ஒற்றைக் காலில் கொக்கு, தூரத்தில் பனை வரிசை. நான் ரசித்திருப்பேன். ஆனால் வண்டி நின்ற இடமெல்லாம் கூட்டம் கூடியது. மீஞ்சூரில் ஒருவர் "எங்கேம்மா பயணம்?" என்று கேட்டுவிட்டார்.

"பொண்ணு பாக்கப் போறோம். இவன்தான் மாப்ளே!" என்று அம்மா என் முகவாயைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். மீஞ்சூரே குனிந்து காருக்குள் பார்த்தது.

நான் இறங்கிப் பின்பக்கம் ஓடினேன். "மாமா, கைப்பிடி நான் சுத்தறேன்."

"சொக்கா கலீஜா பூடும்டா!"

போனால் போகட்டும் என்று பின்படியில் தொற்றிக்கொண்டேன். ஏற்றம் வந்தால் குதித்துத் தள்ளுவது, நெருப்பு மங்கினால் கம்பியால் குத்துவது, நின்றால் சுற்றுவது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தப் பெண்ணையும் பார்க்கப் போனதில்லை.

பொன்னேரியில் கரி தீர்ந்தது. மாமா என்னைக் கரி வாங்க அனுப்பினார். கடைக்காரர் எடை கூடுவதற்காக மூட்டையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என் கண் முன்னாலேயே தெளித்தார். "ஏன் தெளிக்கிறீர்கள்?" என்று கேட்கத் தொண்டை வரை வந்தது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திருப்பாலைவனம் போவதற்குள் வண்டி இருமி, விக்கி, நின்றது. வாயுவுக்குப் பதில் ஆவி வந்தது. மாமா மூட்டைக்குள் கையை விட்டார்.

"இன்னாடா இது, கரியா கஞ்சியா? பாத்து வாங்கலியா நீ?"

"பாத்துதான் வாங்கினேன்" என்றேன். (பொய் இல்லை.)

கரியைச் சாலையில் பரப்பி வெயிலில் காயவைத்தோம். திரும்ப மூட்டி, மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு என்னிடம் வெள்ளையாக மிச்சமிருந்தவை இரண்டு கண்களும் பல்லும்தான்.

பழவேற்காடு ஏரியில் மாலை வெயில் தகதகவென்று கிடந்தது. பெண் வீட்டு வாசலில் இறங்கும்போது மணி ஐந்து. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கே ராகுகாலம் தொடங்கிவிட்டது.

"ராவுகாலத்துல பொண்ணக் காட்ட மாட்டோம். ஆறு மணி ஆவட்டும், உள்ள வந்து ஒக்காருங்க மாப்ளே!" என்று பெண்ணின் அப்பா பாய்ந்து வந்து துரைக்கண்ணுவின் கையைப் பிடித்தார். புகையில் தலை சுற்றிக் கிடந்த அம்மாவைப் பெண்கள் கைத்தாங்கலாக உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். மாமா வண்டிக்கு அடியில் இருந்தார்.

"கிளீனர் தம்பி, நீ பின்னால போய்க் கை கால் கழுவு" என்றார் பெண்ணின் அப்பா என்னிடம்.

மாப்பிள்ளை நான்தான் என்று சொல்ல இரண்டே சொல் போதும். நான் பின்பக்கம் போனேன்.

கிணற்றடியில் ஒரு பெண் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கியபடி, "அண்ணே, கரியில எப்படி வண்டி ஓடுது?" என்றாள்.

அண்ணே என்று கூப்பிட்டதாலோ, அந்தக் கரிக்குப் பின்னால் என் முகம் தெரியாது என்ற தைரியத்தாலோ, எனக்கு வாய் திறந்துகொண்டது. உருளை, நெருப்பு, கைப்பிடி, ஈரக்கரி, மீஞ்சூர்க் கூட்டம் எல்லாம் சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாப்ளே எப்படி? நல்லவரா?"

"நல்லவன்தான். வாய்தான் தொறக்காது."

"பொய்யி! கூடத்துல மூச்சு வுடாம பேசிகினு கீறாரே!"

ஆறு மணிக்கு விளக்கேற்றினார்கள். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கிளம்பியது.

"எம் புள்ள எங்கே?"

"இதோ ஒக்காந்துகினு கீறாரே!"

"ஐயோ, இது என் மச்சாண்டார் புள்ள! கல்யாணமாகி ரெண்டு கொழந்தை கீது!"

கரி போக முகம் கழுவிக்கொண்டு நான் கூடத்துக்குள் வந்தேன். பெண்ணின் அப்பா என்னையும் துரைக்கண்ணுவையும் மாறி மாறிப் பார்த்தார். அரிசி வாங்கிய இடத்தில் தவிட்டைக் கட்டிக் கொடுத்தது போன்ற பார்வை. கடைசியில், "உம் பேர் இன்னா தம்பி?" என்றார்.

அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது.

"பேச வராதா?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துரைக்கண்ணுகூட வாயை மூடிக்கொண்டான். நாலாவதும் போயிற்று என்று எனக்குத் தெரிந்தது. இந்த முறை அது வலித்தது.

அப்போது கதவருகே புதுப்புடவையில் நின்றிருந்த பெண் தலையைத் தூக்கினாள். கிணற்றடிப் பெண்தான்.

"பேசுவாரு நைனா. கெணத்தாண்ட அரை மணி நேரமா என்னாண்ட பேசினாரு."

கல்யாணமாகாத பெண், ஓர் ஆணோடு தனியாக, அரை மணி நேரம். மகள் சொன்னதன் கனம் அப்பாவின் தலைக்குள் மெதுவாக இறங்கியது. வெற்றிலைத் தட்டை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார்.

"அப்போ தேதியப் பாத்துடலாம்மா" என்றார்.

கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அண்ணே என்று கூப்பிட்டதை அவள் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், நான் முக்காலியில் உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காட்டி, "நான் சரின்னு சொன்னது அந்தக் கிளீனருக்கு. கல்யாணத்தன்னிக்கு இவர் வந்து ஒக்காந்துட்டாரு. அவரைத்தான் இன்னிக்கும் தேடிகினு கீறேன்" என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதற்குச் சரியான பதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.