உப்பு படாத வண்டி

எழிலரசி தன் பிக்கப் டிரக்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகளுக்கு மெழுகு எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தாள். வெளியே அவள் கால்கள் மட்டும் தெரிந்தன.

நியூ ஜெர்சியில் பனி விழுந்தால், அதைக் கரைக்கச் சாலையெல்லாம் உப்பு இறைப்பார்கள். பனியோடு வண்டியின் அடிப்பாகத்து இரும்பும் கரையும். மூன்றே வருஷத்தில் ஸ்பிரிங் துருப்பிடித்து முறியும் என்று ஆபீஸில் பயமுறுத்தியிருந்தார்கள். மெக்கானிக்கிடம் விடலாம் என்றான் கணவன் சபரிநாதன். அவள் ஒப்பவில்லை.

"எங்கப்பா நாமக்கல்ல ஏழு லாரி வெச்சிருந்தவருங்க. அவரு பொண்ணு வண்டியில துரு ஏறுனா வெளிய சொல்ல முடியுமா?"

பிரேக்கில் எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் பை கட்டி, இண்டு இடுக்கு விடாமல் அடித்தாள். வேலை சுத்தம். ஆனால் மறுநாள் வீட்டு முன்னால் வண்டி நிறுத்தும் டிரைவ்வே முழுக்க எண்ணெய்க் கறை.

உறிஞ்சட்டும் என்று, வீட்டுப் பூனைகள் வெளிக்குப் போகக் கடையில் விற்கும் மண்ணை வாங்கிக் கொட்டினாள். கறை குறைந்தது. தெருப் பூனைகளோ, தங்களுக்காகவே செய்த ஏற்பாடு என்று எண்ணி வரிசையாக வந்துபோயின. ஹோஸைத் திருப்பி மண்ணைக் கழுவித் தள்ளினாள். அன்றே குளிர் இறங்கி, தண்ணீர் கண்ணாடியாக உறைந்தது. காலையில் காபியோடு வெளியே வந்த சபரிநாதன் வழுக்கி, உட்கார்ந்தவாக்கில் டிரக் சக்கரம்வரை போய்ச் சேர்ந்தான். எழுந்தவன் கராஜிலிருந்து உப்பு மூட்டையைத் தூக்கிவந்து டிரக்கைச் சுற்றி இறைத்தான்.

"ரோட்டு உப்புக்கே நான் அழுதுட்டிருக்கேன். நீங்க வாசல்லயே கொட்டறீங்களே?"

"ஸ்பிரிங் போனா மாத்திக்கலாம். எனக்கு இடுப்பு போனா?"

மறுபடி கழுவல்; காய்ந்ததும் மறுபடி எண்ணெய்.

இதற்கிடையே டவுன்ஷிப்பின் உப்பு லாரி வேறு. மற்ற வீடுகளை விறுவிறுவென்று கடந்துவிடும். இவள் வீட்டு முன்னால் மட்டும் நின்று, நிதானித்து நகரும். நிற்கிற நேரமெல்லாம் பின்னாலிருந்து உப்பு கொட்டும். புகார் மெயில் அனுப்பினாள். அதற்குப் பிறகு லாரி இன்னும் அதிக நேரம் நின்றது. டிரைவர் பழிவாங்குகிறார் என்றே முடிவுகட்டினாள்.

பிப்ரவரியில் ஒருநாள் லாரி எஞ்சினையும் அணைத்துவிட்டு நின்றது. தாடி நரைத்த, ஆஜானுபாகுவான டிரைவர் இறங்கி வந்தார். டிரக்குக்கு அடியிலிருந்து வெளியே வந்த எழிலரசி, சண்டைக்கு வேண்டிய ஆங்கிலத்தையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டாள். சபரிநாதன் வாசலுக்கு வந்து, பத்திரமாகக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றான்.

டிரைவர் நேராக டிரக்கிடம் போனார். முழங்காலிட்டுக் குனிந்து, ஸ்பிரிங் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை. எண்ணெய் வைத்து வாரிய தலைபோல் மினுங்கியது. இது யார் வேலை என்று கேட்டார்.

நான்தான் என்றாள் எழிலரசி, நாமக்கல்வரை கேட்கிற குரலில்.

அவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"இதைப் பார்க்கத்தான் மேடம், வரும்போதெல்லாம் இங்கே நிறுத்தினேன். உப்பு முதலில் தின்பது எங்கள் லாரிகளைத்தான்; ஷெட்டுக்கு வந்து எங்களுக்கும் சொல்லித் தருவீர்களா?"