தரையில் வைக்காத பந்து

மனைவியின் அண்ணனிடம் நல்ல பெயர் வாங்க எத்தனையோ வழிகள் இருக்கின்றன. அவர் வீட்டு விசேஷத்தில் நாற்காலி தூக்கிப் போடலாம். நூறு தடவை கேட்ட ஜோக்குக்கு மறுபடியும் சிரிக்கலாம். நான் அவருக்காக ரக்பி ஆடினேன். என் புத்தி அப்படி.

ஸ்டான்லி, என் மனைவி மெர்சியின் ஒரே அண்ணன். எங்கள் காதல் கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். அதன் பிறகு இரண்டு வருடம் என்னை "மிஸ்டர் குமரன்" என்றுதான் அழைத்தார். (பேங்க்கில் லோன் கேட்டுப் போனால்கூட இதைவிடப் பாசமாகக் கூப்பிடுவார்கள்.) நானும் பதிலுக்கு "சார்" போட்டே காலம் தள்ளினேன்.

தாம்பரத்தில் ஒரு பள்ளியில் அவர் கணக்கு வாத்தியார். மாலையில் ஒரு சின்ன ரக்பி கிளப்பின் கேப்டன். அப்படிப்பட்ட கீழ்நிலை அமெச்சூர் கிளப்களுக்கென்றே தேசிய அளவில் ஒரு நாக்-அவுட் கோப்பை உண்டு. ஒரு தோல்வி, மூட்டை கட்ட வேண்டியதுதான். பதினைந்து வருடமாக ஸ்டான்லியின் அணி அதில் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. அவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, இந்த சீசனோடு சரி என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அணியில் ஓர் ஆள் குறைந்தது. மெர்சி சும்மா இருக்கக் கூடாதா? "அவர் பொழிச்சலூர்ல பெரிய கபடி பிளேயர்ண்ணா" என்று போனில் போட்டுக் கொடுத்துவிட்டாள். பொய்யில்லை. பொங்கல் போட்டிகளில் நான் ஜெயித்த எவர்சில்வர் குடங்களில்தான் எங்கள் வீட்டில் இன்றும் தண்ணீர் பிடிக்கிறோம்.

"மிஸ்டர் குமரன், நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு கிரவுண்டுக்கு வந்துடுங்க" என்றார் ஸ்டான்லி. இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

மூன்று மாதப் பயிற்சியில் என் வேலை, தலையைக் குனிந்து எதிராளியைத் தோளால் தள்ளுவது மட்டுமே. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஐந்து புள்ளி என்று ஸ்டான்லி படம் போட்டே விளக்கினார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன். ஆனால் அந்தக் கோட்டுப் பக்கமே நான் போனதில்லை.

முதல் சுற்று எங்கள் ஊர் மைதானத்தில். புனேயிலிருந்து வந்த அணியில் ஒவ்வொருவரும் பீரோ சைஸில் இருந்தார்கள். ஜெயித்தால் அடுத்த ஆட்டம் கொல்கத்தாவில். ஸ்டான்லி ரயில் நேரமெல்லாம் பார்த்து வைத்திருந்தார். மெர்சி குடையோடு ஓரத்தில் நின்றாள். கடைசி நிமிடம். நாங்கள் மூன்று புள்ளி பின்னால்.

அப்போது ஒரு பீரோ உதைத்த பந்து, விலகத் தெம்பில்லாமல் நின்ற என் வயிற்றில் மோதி என் கையிலேயே விழுந்தது. எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. ஓடினேன். கோட்டைத் தாண்டினேன். பந்தைக் கீழே வைத்திருந்தால் கொல்கத்தா.

ஆனால் எங்கள் ஊர்க் கபடியில் போனஸ் கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது. பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பினால்தான் புள்ளி. பதினெட்டு வருடம் என் கால்களுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். திரும்பிவிட்டேன்.

"மாப்ளே! கீழ வை! மாப்ளே!"

நொண்டிக்கொண்டே ஓடி வந்த ஸ்டான்லியின் குரல். அதில் "மாப்ளே" மட்டும்தான் எனக்குள் போனது. இரண்டு வருடம் ஏங்கிய வார்த்தை, ஒரே மூச்சில் இரண்டு தடவை! சந்தோஷத்தில் இன்னும் வேகமெடுத்தேன். ஒருவரைக் குனிந்து தாண்டினேன், ஒருவர் கையைத் தட்டிவிட்டேன். வாய் தானாக "கபடி கபடி" சொல்லிக்கொண்டிருந்தது.

"அண்ணா, இன்னாண்ணா ரிட்டர்ன் வந்துகினு கீற!" என்று அலறினான் எங்கள் அணியின் பாபு. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு பீரோக்கள் என்மேல் சரிந்தன. அந்த எடைக்கு அடியிலிருந்தும் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டு, ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினேன். விசில் ஒலித்தது. ஆட்டம் முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஸ்டான்லி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

"போனஸ்... மச்சான்" என்றேன். சார் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து எட்டிப் பார்த்தால், சிரிக்கிறார். கண்ணில் தண்ணீரும் இருந்தது. பதினைந்து வருட ஆசை, அது முழுக்கச் சிரிப்பாக இருந்திருக்க முடியாது. இன்றும் நினைத்தால் எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

"எங்க டீம்ல எவனும் இப்படி ஓடினதில்ல மாப்ளே" என்றார். "என்ன, பாதி ஓடியிருந்தா போதும்."

ஸ்டான்லி அதன் பிறகு ஆடவில்லை. நான் பால் பாக்கெட்டோடு வந்தாலும் சரி, கிறிஸ்துமஸ் விருந்தில் பிரியாணித் தட்டோடு நின்றாலும் சரி, மெர்சி வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் "தரையில வை மாப்ளே!" என்பார்கள்.

போன வருடம் எங்கள் மகள் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பந்தைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மூன்றே எட்டில் ஸ்டான்லி அந்த முழங்காலோடு ஓடி வந்து, என் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துக்கொண்டார்.

"மாப்ளே," என்றார், "இவளை மட்டும் தரையில வெச்சுடாதே."